பார்க்கிங்கில் போன நகைப்பை: ஆச்சிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

சென்னையில் வசிக்கும் 61 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர்களுக்குப் பூர்வீக வீடு. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காகக் கணவர், மருமகள், பேரனுடன் காரில் வந்திருக்கிறார்கள். வண்டியை ஓட்டியவர் ஆக்டிங் டிரைவர். ஊருக்குள் போகும் முன் சாமி கும்பிட்டுவிடலாம் என்று வழியில் ஒரு கோயிலில் இறங்கினார்கள். எதிரே பொட்டலில் கட்டணப் பார்க்கிங். ஐம்பது ரூபாய்ச் சீட்டு. அதன் பின்பக்கம், 'வாகனத்துக்கும் உள்ளே இருக்கும் பொருட்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி.

முன் சீட்டுக்கு அடியில் ஒரு துணிப்பை. அதில் மருமகளின் ஆரமும் வளையல்களும், தன்னுடைய ஒரு சங்கிலியும், எல்லாமாக 14 சவரன். டிரைவர் வண்டியிலேயே இருக்கிறாரே என்று பையை அங்கேயே விட்டுவிட்டுத் தரிசனத்துக்குப் போயிருக்கிறார்கள். யாரோ கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, பின் டயர்ல காத்து இறங்குது" என்று சொல்ல, டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்திருக்கிறார். எதிர்ப்பக்கக் கதவு வழியாகப் பை போய்விட்டது. அது தெரிந்தது ஊர் வந்து சேர்ந்த பிறகுதான்.

காவல் நிலையத்தில் மனு வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக வேறு எதுவும் நடக்கவில்லை. கொழுந்தனார், "உண்மையைச் சொல்லும் வரைக்கும் தர முடியாது" என்று டிரைவரின் செல்போனையும் லைசென்ஸையும் வாங்கி வைத்திருக்கிறார். மருமகளின் பெற்றோருக்கு இன்னும் சொல்லவில்லை. "20 சவரன் என்று எழுதிக் கொடு, கிடைப்பதாவது கிடைக்கட்டும்" என்கிறார் ஒரு உறவினர். சீட்டிலேயே பொறுப்பில்லை என்று போட்டுவிட்டதால் தனக்கு எந்த உரிமையும் இல்லையா, கார் இன்சூரன்ஸில் நகைக்குப் பணம் வருமா, டிரைவர் மேல் சந்தேகப்படலாமா என்று கேட்கிறார் வாசகி. இன்னும் இரண்டு மாதத்தில் அதே பூர்வீக வீட்டில் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் வழிபாடு, வருகிறதாம். பங்காளிகள் நாற்பது கார்களுக்குக் குறையாமல் வருவார்கள், அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று முடித்திருக்கிறார்.

ஆச்சி, நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்னால், கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் அவசரம்.

அந்தப் பையில் நகையோடு காரின் மாற்றுச்சாவி, அசல் ஆர்.சி. புத்தகம், ஊர் வீட்டுச் சாவிக்கொத்து, மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் இருந்தன என்று கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நகை போன வேதனையில் இவை சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கும். ஆனால் எடுத்தவன் கையில் இப்போது இருப்பவை என்னவென்று பாருங்கள். சென்னை முகவரி ஆர்.சி.யில் இருக்கிறது. ஊர் வீட்டு முகவரி பத்திரிகையில் இருக்கிறது. காரையும் ஊர் வீட்டையும் திறக்கச் சாவியும் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை என்பது எல்லோருக்கும் தெரியும். பித்தளைச் சாமானும் தேக்குத் தூணும் பழைய கதவு நிலையும்கூட விலை போகும் காலம் இது.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

ஊர் வீட்டில் முகப்பு, பின்கட்டு என்று அந்தக் கொத்தில் எந்தெந்தப் பூட்டின் சாவி இருந்ததோ அத்தனையையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய பூட்டு, தாத்தா காலத்துப் பூட்டு என்று தயங்க வேண்டாம். அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி திருடு போயிருக்கிறது என்று அந்த ஊர் எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். ரோந்து போகும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள்.

காரை ஷோரூமுக்குக் கொண்டுபோய், தொலைந்த சாவி இனி அந்த வண்டியைத் திறக்காதபடி செய்யச் சொல்லுங்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் அந்தச் சாவியின் பதிவை நீக்கிவிட முடியும். அதற்கான பில்லைப் பத்திரப்படுத்துங்கள். காரணம் இருக்கிறது. நாளை அந்தக் காரே திருடு போனால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு சாவிகளையும்தான். ஒன்றைக் காட்ட முடியாவிட்டால் வண்டியை அஜாக்கிரதையாக விட்டீர்கள் என்று இழுப்பார்கள். மாற்றுச்சாவி திருடு போனதைப் போலீஸ் புகாரிலும் சேர்த்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இப்போதே மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டால் அந்த வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

ஆர்.சி.க்கு நகல் வாங்கிக்கொள்ளலாம். இனிமேல் அசலை வண்டியில் வைக்காதீர்கள். டிஜிலாக்கர், எம்பரிவாஹன் என்ற அரசுச் செயலிகளில் ஒன்றை வைத்துச் செல்போனில் காட்டினாலே போதும். 2018 முதல் மோட்டார் வாகன விதிகளே அதை ஒப்புக்கொள்கின்றன.

இன்னொன்று கேமராப் பதிவு. கோயில் வாசலிலும் எதிர்க்கடைகளிலும் கேமரா இருந்திருக்கும். பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். மூன்று வாரம் ஆகிவிட்டது, ஒருவேளை போயிருக்கலாம். இருந்தாலும் இன்றே பார்க்கிங் குத்தகைதாரருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும், 'இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வையுங்கள்' என்று பதிவுத் தபால் அனுப்பி, அதன் நகலைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். நீங்கள் வந்த நேரத்தை நிரூபிக்கச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கழித்த குறுஞ்செய்தியும் உதவும். அதை அழித்துவிடாதீர்கள்.

சி.எஸ்.ஆர். என்பது வழக்கு அல்ல

பலரும் செய்யும் பிழை இது. ரசீது கையில் வந்ததும் கேஸ் போட்டாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி, அவ்வளவே. இவ்வளவு மதிப்புள்ள பொருளைத் திருடுவது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட புகாரில் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை கொண்ட குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு பூர்வாங்க விசாரணை நடத்தப் போலீஸுக்கு இடம் உண்டு. அதற்கும் கெடு 14 நாள். உங்கள் விஷயத்தில் அது தாண்டிவிட்டது. அதனால் நிலையத்துக்கு நேரில் போய், இன்ஸ்பெக்டரைப் பார்த்து, எஃப்.ஐ.ஆர். போடும்படி இன்னொரு மனு கொடுங்கள். கத்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அப்போதும் நடக்கவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்த மூன்று படியும் சட்டத்தில் இருப்பவைதான். யாரையும் பகைத்துக்கொள்கிறோம் என்று நினைக்காதீர்கள். வழக்குப் பதிந்த பிறகு, 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் போலீஸின் கடமை.

புகாரில் 20 சவரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஆச்சி. அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம் என்பது ஒரு பக்கம். அதைவிட, அந்தப் பொய் உங்களுக்கே எதிராக வேலை செய்யும். நகை பிடிபடும்போது பெரும்பாலும் அடகுக் கடையிலோ, உருக்கிய கட்டியாகவோதான் வரும். அப்போது அது உங்களுடையது என்று காட்ட எடையும் அடையாளமும்தான் ஒரே வழி. 14 சவரன் போன இடத்தில் 20 என்று எழுதியிருந்தால், பிடிபட்ட பொருள் வேறு யாருடையதோ என்றாகிவிடும்.

அடையாளத்துக்கு வீட்டிலேயே நிறைய இருக்கும். மருமகள் அந்த ஆரத்தைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாண ஆல்பப் படம், நகைக்கடை பில், எப்போதாவது வங்கியில் அடகு வைத்திருந்தால் மதிப்பீட்டாளர் எடை போட்டு எழுதிய நகைக்கடன் சீட்டு, இவை எல்லாமே சான்றுகள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு கடையில் வாங்கிய நகையாக இருந்தால் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளக் குறியீடு அதில் பொறித்திருக்கும்; கடையில் கேட்டுப் பாருங்கள். நகை கிடைத்துவிட்டால் வழக்கு முடியும் வரை போலீஸ் பெட்டியிலேயே கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் இடைக்காலமாக ஒப்படைக்கலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு மனு போட வேண்டும்.

அந்த ஒரு வரியும், சாவி யார் கையில் இருந்தது என்பதும்

'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். உங்கள் கொழுந்தனார், வழக்குப் போட்டால் கோயிலும் குத்தகைதாரரும் முழுத் தொகையையும் கொடுத்தாக வேண்டும் என்கிறார். இரண்டுமே சரியில்லை.

சட்டம் முதலில் பார்ப்பது சாவியைத்தான். ஹோட்டலிலோ மண்டபத்திலோ ஊழியரிடம் சாவியைக் கொடுத்து, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிறுத்தினால், வண்டியை அவர்களிடம் ஒப்படைத்தீர்கள் என்று பொருள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவுப்படி, தன் சொந்தப் பொருளைப் போல அதைப் பார்த்துக்கொள்ளும் கடமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. டெல்லியில் 1998இல் ஒரு நட்சத்திர ஹோட்டலில் அப்படி ஒப்படைத்த கார் திருடு போனது. டோக்கனில் உங்களுடையது போலவே ஒரு வரி இருந்தது. தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். தங்கள் அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்துக்கு, ஒரு வரி அச்சடித்துத் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை வாங்கிக்கொண்டவர்தான், தன் மேல் தப்பில்லை என்று காட்ட வேண்டும் என்றும் சொன்னது.

பொட்டல் பார்க்கிங்கில் நடப்பது வேறு. நாமே நிறுத்துகிறோம், பூட்டுகிறோம், சாவியை எடுத்துக்கொண்டு போகிறோம். பெரும்பாலும் அங்கே நாம் கொடுக்கும் காசு இடத்துக்கான வாடகைதான். வேலி போட்டு, வாசலில் ஆள் நின்று, சீட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் வண்டியை வெளியே விடுவோம் என்று நடத்தும் இடத்தில் வண்டியே காணாமல் போனால், நுகர்வோர் ஆணையத்தில் வாதாட வலுவான இடம் உண்டு. ஆனால் உங்கள் வண்டி போகவில்லை. உள்ளே நகை இருப்பது குத்தகைதாரருக்குத் தெரியாது. சாவியும் காவலும் உங்கள் டிரைவரிடமே இருந்தன. நகைக்கான முழு இழப்பீட்டைக் குத்தகைதாரரிடமிருந்து வாங்குவது மிகவும் கடினம். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வழி மட்டும் பாக்கி இருக்கிறது. இப்படிப்பட்ட பார்க்கிங்கை ஊராட்சியோ, பேரூராட்சியோ, கோயில் நிர்வாகமோ ஏலம் விடும்போது காவலாளி, விளக்கு, கேமரா வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கலாம். உங்கள் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஏலம் விட்டது உள்ளாட்சி அமைப்பு என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு குத்தகை நிபந்தனைகளின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நிபந்தனை இருந்து, அதைச் செய்யவில்லை என்றால், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இதற்காகச் சிவகங்கைக்கும் சென்னைக்கும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வதும் போன நகையின் மதிப்பு அல்ல, நீங்கள் கொடுத்த ஐம்பது ரூபாய்தான். எனவே மாவட்ட ஆணையம் போதும், கட்டணமும் கிடையாது. குத்தகைதாரருக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வர வேண்டும், அடுத்த குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாது என்று நினைத்தால் போடுங்கள். 14 சவரனும் இதில் திரும்பிவிடும் என்று நினைத்துப் போடாதீர்கள்.

கார் இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக: வராது. அது வண்டிக்கானது. வண்டிக்குள் இருக்கும் நகைக்கும் பணத்துக்கும் அதில் இடமில்லை. வீட்டுக் காப்பீடு எடுத்து, அதில் நகையைத் தனியாகச் சேர்த்திருந்தால் அந்தப் பத்திரத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஆளில்லாத வண்டியில் விட்ட பொருளுக்குத் தர மாட்டோம் என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். உங்கள் வண்டியில் ஆள் இருந்தார் என்பது அங்கே உங்களுக்குச் சாதகம்.

டிரைவரின் செல்போனும் லைசென்ஸும்

இந்தப் பகுதியைக் கொழுந்தனாரிடம் வாசித்துக் காட்டுங்கள். இரண்டையும் இன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வாங்கிக்கொண்டேன் என்று டிரைவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு. லைசென்ஸைப் பிடித்து வைத்தால் அந்த மனிதருக்குப் பிழைப்பு இல்லை. விசாரிக்கும் அதிகாரம் போலீஸுக்குத்தான் உண்டு. கார் சொந்தக்காரருக்கோ அவர் அண்ணன் தம்பிக்கோ கிடையாது. ஓர் அறையில் உட்கார வைத்து மிரட்டினால் சட்டவிரோதச் சிறைவைப்பு. உண்மையைக் கக்க வைக்கிறோம் என்று கை ஓங்கிவிட்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை. நகையைப் பறிகொடுத்த குடும்பம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது.

அவருக்கும் இதில் பங்கு இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, கவனத்தைத் திசைதிருப்பித் திருடும் கும்பல்கள் காலங்காலமாகச் செய்யும் அதே வேலை. ஒருவன் முன்னால் பேசுவான், இன்னொருவன் மறுபக்கக் கதவைத் திறப்பான். டயரில் காற்று இறங்குகிறது, என்ஜினில் ஆயில் ஒழுகுகிறது, சட்டையில் ஏதோ அசிங்கம் ஒட்டியிருக்கிறது, கீழே கிடக்கும் ரூபாய் நோட்டு உங்களுடையதா என்று வசனம் மட்டும் மாறும். படித்தவர்கள், போலீஸ்காரர்கள்கூட இதில் ஏமாந்திருக்கிறார்கள். டிரைவரின் தொலைபேசி அழைப்புகளைப் போலீஸ் பார்க்கும். சந்தேகம் இருந்தால் அதில் தெரியும். அதுவரை அவர் உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி. கண்ணாடியைத் தட்டியவனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவரைப் பகைத்துக்கொண்டால் யாரை வைத்து அடையாளம் காட்டப் போகிறீர்கள்?

மருமகள் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஆரமும் வளையலும் அந்தப் பெண்ணின் சீதனம். சீதனம் பெண்ணுக்கே சொந்தம், கணவர் வீட்டார் அதைக் காப்பவர்கள் மட்டுமே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் பெற்றோருக்கு மறைக்க மறைக்க, நாளைக்கு வேறு ஏதாவது மனவருத்தம் வந்தால், 'நகையை இவர்களே எடுத்துக்கொண்டு திருடு போனது என்கிறார்கள்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கிறீர்கள். மருமகளையே காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய், தன் நகையைப் பற்றி அவரே வாக்குமூலம் கொடுக்கட்டும். சம்பந்தி வீட்டுக்கு நீங்களும் ஐயாவும் நேரில் போய்ச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலோடு போனால் பேசுவதும் எளிது.

பையைக் காரில் வைத்தது உங்கள் தப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். கூட்டமான சந்நிதிக்குள் 14 சவரனைக் கையில் தூக்கிக்கொண்டு போவதைவிட, ஆள் இருக்கும் வண்டியில் வைப்பது நல்லது என்று எந்தப் பெண்ணும் நினைத்திருப்பார். திருடியவன்தான் திருடன். வீட்டில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

படைப்புக்கு வரும்போது

கோயிலாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும், பார்க்கிங்கில் திருட்டு நடப்பது பெரும்பாலும் வண்டி சும்மா நிற்கும்போது அல்ல. இறங்கும் நேரமும் ஏறும் நேரமும்தான் ஆபத்தானவை. பிள்ளையைத் தூக்கி, செருப்பைத் தேடி, தேங்காய்ப் பையை வைத்துக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு நிமிஷம் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அதனால் டிக்கியில் எதையாவது வைப்பதாக இருந்தால் புறப்படும் இடத்திலேயே வைத்து மூடிவிடுங்கள். பார்க்கிங்கில் வந்து டிக்கியைத் திறந்து ஒளித்து வைப்பது, எதை ஒளிக்கிறோம் என்று ஊருக்குக் காட்டுவதுதான். சங்கிலி பறிப்பவர்களும், குனிந்து பிள்ளையை சீட்டில் உட்கார வைக்கும் நேரத்துக்குத்தான் காத்திருப்பார்கள். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் சுற்றிப் பார்த்து நிற்கட்டும்.

ரிமோட்டை அமுக்கினால் பூட்டிவிட்டது என்று நம்பிப் போகாதீர்கள். ரிமோட் அலையைத் தடுக்கும் கருவியை வைத்துக்கொண்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். டிரைவர் உள்ளே இருந்தாலும் எல்லாக் கதவும் பூட்டியே இருக்க வேண்டும். யாராவது கண்ணாடியைத் தட்டி டயர் பற்றிச் சொன்னால், இறங்காமல் நன்றி சொல்லிவிட்டு, மெதுவாக ஓட்டி அடுத்த பெட்ரோல் பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம். காற்று இறங்கிய டயரில் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் போவது டயரோ ரிம்மோதான். இதை உங்கள் டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் தன் கடமை என்று நினைத்து இறங்கிவிடுவார்.

இருசக்கர வண்டியில் வரும் பங்காளிகளுக்கும் ஒரு வார்த்தை. வங்கியில் பணத்தையோ அடகு மீட்ட நகையையோ வாங்கி, சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வழியில் டீக்கடையில் நிறுத்துகிறார்கள். வங்கியிலிருந்தே பின்தொடர்ந்து வருபவனுக்கு அந்தப் பூட்டு ஒரு பூட்டே இல்லை. வாங்கினால் நேரே வீடு.

படைப்பு வீட்டுக்கு நாற்பது கார் வந்தால் தெருவில் நிற்காது, ஊரணிக்கரையிலும் பொட்டலிலும்தான் நிற்கும். பங்காளிகள் செலவைப் பகிர்ந்து, ஊர்க்காரர்களில் தெரிந்த இரண்டு பேரைக் காவலுக்கு வைத்து, ஒரு நோட்டில் வண்டி எண்ணையும் வந்தவர் கைப்பேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இருட்டும் முன் இரண்டு ஃபோகஸ் விளக்கு கட்டிவிடுங்கள். சாவி வாங்கி வண்டி நிறுத்தும் பையன்களை ஒப்பந்தக்காரர் அனுப்பினால், அவர்களின் பெயரும் அடையாள அட்டைப் படமும் முன்னாலேயே உங்கள் கையில் இருக்க வேண்டும். சாவிகளை முகப்பில் ஆணியில் வரிசையாகத் தொங்கவிடாமல் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். கொடுப்பவர்கள், கொத்திலிருந்து கார்ச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுக்கட்டும், வீட்டுச் சாவி எதற்கு?

நகையை யார் கொண்டுவருகிறார்கள், எந்தக் காரில் வருகிறது என்பதை வாட்ஸ்அப் குழுவில் பேச வேண்டாம். ஊர் வீட்டுக்கு நேரே வந்து, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, அப்புறம் பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போங்கள். வழியில் கோயில் என்ற வரிசையை மாற்றினாலே பாதிக் கவலை தீரும்.

தனியாக இருக்கும்போது ஆயுதத்தைக் காட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். போராடாதீர்கள். உயிரோடு வந்து 112க்கு அழைத்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். பையில் செல்போன் போயிருந்தால் சிம்மை முடக்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தக் கருவியையும் முடக்குங்கள். அந்தப் போனை வைத்து வங்கிக் கணக்கில் கை வைத்தால், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

கடைசியாக, வக்கீல் செலவுக்குப் பயந்து எஃப்.ஐ.ஆர். மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு அழைத்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். காரைக்குடி நீதிமன்ற வளாகத்தில் கேட்டாலும் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் காட்டுவார்கள். போகும்போது சி.எஸ்.ஆர். ரசீது, பார்க்கிங் சீட்டு, நகைப் படங்கள் மூன்றுக்கும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் சீட்டின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிரதி எடுங்கள்.